வாசல் பக்கம் மட்டும்

அன்று காலை அவள் போனில் சிரித்த சிரிப்பு அவனுக்குத் தெரியாத சிரிப்பாக இருந்தது.

தன் மனைவியின் சிரிப்புகள் அத்தனையும் தனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தவன் அவன். தங்கையோடு வம்பளக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு ஒன்று. தொலைக்காட்சியில் அமைச்சர்கள் வாக்குறுதி கொடுக்கும்போது மூக்கால் ஒன்று. அவன் சமைக்கிற நாட்களில் உப்பை மறந்துவிட்டால், போனால் போகிறது என்று மன்னிக்கிற மாதிரி ஒன்று. இது எதிலும் சேரவில்லை. கல்லூரி கேன்டீனில் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பெண்ணின் சிரிப்பு இது. அவளுடைய இருபது வயதில் அவன் இல்லை. அதுதான் உறுத்தியது.

போனை வைத்துவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் யாரென்று தெரிந்துவிட்டது என்றாள். சட்டக் கல்லூரியில் அவளோடு படித்தவராம். படிப்பு முடிந்ததும் உதவித்தொகை கிடைத்து வெளிநாடு போனவர், அங்கேயே ஒரு பெரிய நிறுவனத்தில் பங்குதாரராகி, இப்போது இந்த வழக்குக்காக நேரிலேயே வருகிறாராம். "எங்க செட்டுல எல்லாரும் அவரைப் பட்டுக்குரல்னுதான் கூப்பிடுவோம்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். குளியலறையிலிருந்து பாட்டு கேட்டது. வேலை நாள் காலையில் அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

அவன் அரசு அருங்காட்சியகத்தில் உடைந்த பொருள்களைச் செப்பனிடுகிறவன். நியமன உத்தரவில் இருக்கிற பதவிப் பெயர் ஒரே மூச்சில் சொல்ல முடியாதது. அதனால் அங்கே எல்லோருக்கும் அவன் பசை சார். அவள் அரசு வக்கீல். நாட்டிலிருந்து திருடி விற்கப்பட்ட சிலைகளையும் ஓவியங்களையும் சட்டப்படி மீட்டுக் கொண்டுவருவதற்கென்று இருக்கிற சின்னப் பிரிவில், இரண்டு மேசை, ஒழுகுகிற ஏ.சி., எந்நேரமும் தாளைக் கடித்துக்கொள்கிற பிரின்டர் இவற்றை வைத்துக்கொண்டு உலகத்தோடு சண்டை போடுகிறவள். அவள் கொண்டுவருவாள், அவன் ஒட்டுவான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவனுக்குப் பிடிக்கும்.

இந்த வழக்கு ஒரு கல் தலையைப் பற்றியது. நாட்டில் கலவரம் நடந்துகொண்டிருந்த நாட்களில், காவலில்லாமல் கிடந்த கூரையற்ற ஒரு பழைய கட்டடத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். அங்கே ஒரு கல் பெண், ஒரு முழங்காலை மடக்கி, பின்னலைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நூற்றாண்டுகளாக உட்கார்ந்திருந்தாள். முழுசாகத் தூக்க முடியாத கனம். அதனால் மெஷின் வைத்துக் கழுத்தை அறுத்துத் தலையை மட்டும் எடுத்துப் போனார்கள். போகிற போக்கில் கைகளையும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்திருந்தார்கள். அவை கழன்று வராமல் நொறுங்கிப் போயின. கலவரம் ஓய்ந்ததும் உடம்பை லாரியில் ஏற்றி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னலின் நுனி மட்டும் அவள் தோளில் கிடந்தது. மீதிப் பின்னல் தலையோடு போய்விட்டது. அந்தத் தலை மூன்று நாட்டு எல்லைகளைத் தாண்டி, கடைசியில் ஒரு பணக்கார அறக்கட்டளையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது தெரியவந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தங்கை வந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடை வைத்திருப்பவள். ஊரார் நோய் எல்லாம் அவளுக்கு அத்துப்படி என்பதால் எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவள். அக்காவும் தங்கையும் பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, அவன் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். வழக்கில் என்ன சிக்கல் என்று தங்கை கேட்டாள்.

"எப்ப அறுத்தாங்கங்கிறதுதான் கேஸே," என்றாள் அவன் மனைவி. "ரெண்டு நாடும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கு. அந்தத் தேதிக்கு அப்புறம் திருடினதுன்னா திருப்பிக் குடுத்தே ஆகணும். அதுக்கு முந்தி போனதுன்னா, நாங்க நல்லெண்ணத்துல வாங்கினோம்னு சொல்லி அவங்களே வெச்சுக்கலாம். அறக்கட்டளைக்காரங்க, இது எங்க தாத்தா வாங்கின தலைன்னு பழுப்புக் காகிதமா நீட்டுறாங்க."

காகிதத்துக்கு எதிராக அவளிடம் இருந்தது ஒரு கழுத்து. அந்தக் கல் பெண்ணின் உடம்பு முழுக்கச் சாம்பலும் மஞ்சளுமாகப் பாசி படர்ந்து, கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. அறுத்த பரப்பில் மட்டும் அது இல்லை, வெறும் தூசிதான். தாத்தா காலத்தில் அறுத்திருந்தால், திறந்தவெளியில் கிடந்த இத்தனை காலத்தில் அங்கேயும் பாசி ஏறியிருக்க வேண்டும். இதைச் சொல்லப்போகிற சாட்சி, அந்தச் சிலையைக் கையாண்ட ஒரே ஆளான அவன். வக்கீலின் புருஷனே சாட்சியா என்று அந்தப் பக்கம் ஆட்சேபம் எழுப்பி, வேறு ஆள் இல்லை என்பதால் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"ஆக, அவளோட கழுத்தும் அத்தானோட வாயும்தான் கேஸ். வெளங்கினாப்பலதான்," என்றாள் தங்கை. பிறகு பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே போன நேரம் பார்த்துச் செய்தித்தாளை ஒரு விரலால் கீழே இறக்கினாள். "எதிர்ல வர்றது யாருன்னு தெரியுமா அத்தான்? அக்காவைக் கட்டிக்க இருந்தவர். அவர் பேசினா டீ ஊத்துறவர் கூட ஊத்துறதை நிறுத்திட்டுக் கேட்பாராம்."

அவன் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அப்புறம் ஏன் கட்டிக்கவில்லை என்று கேட்டான்.

"யாரு யாரை வேண்டாம்னாங்கன்னு அக்கா இன்னிக்கு வரைக்கும் வாயைத் தொறக்கலையே. நானும் சுரண்டிப் பாத்துட்டேன்."

அவன் செய்தித்தாளைத் திரும்ப உயர்த்திக்கொண்டான். அன்று முழுக்க ஒரே பக்கத்தைத்தான் படித்தான்.

அடுத்து வந்த சாயங்காலங்களில் அவள் சாப்பாட்டு மேசையில் வைத்து அவனுக்குச் சாட்சி சொல்லப் பழக்கினாள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. குறுக்கு விசாரணையில் வக்கீல் என்னென்ன வலை விரிப்பார் என்று அவளே எதிர்த்தரப்பாக மாறிக் கேட்டுக் காட்டினாள். "ஆனா ஒண்ணு, ஏன்னு மட்டும் கேட்க மாட்டார். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில கேட்கவே கூடாது. எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுத்தது அது."

எங்களுக்கு. அந்த ஒரு வார்த்தையை அவன் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து மென்று விழுங்கினான். அவள் அன்று காதில் புதுத் தோடு போட்டிருந்ததைக் கவனித்தான். பழைய தோடுதான், நீதான் வாங்கித் தந்தாய் என்று மனசு சொன்னது. ஆனால் இத்தனை நாள் ஏன் போடவில்லை என்றும் அதே மனசு கேட்டது.

விசாரணைக்கு முதல் நாள் மதியம் அவள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். நாளைக் காலையில் பட்டுக்குரல் முதலில் வந்து சிலையைப் பார்வையிடுவார், அதற்குப் பிறகுதான் சாட்சியம் என்றாள். "எதையும் தொடாதீங்க. இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்."

சரி என்றான். வைத்துவிட்டுத் தன் வேலையறையைச் சுற்றிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் கண்ணால் அதைப் பார்த்தான். கைப்பிடி போன காபிக் கோப்பையில் தூரிகைகள். ஜன்னல் கொக்கியில் சாயம் போன மேலங்கி. நாற்காலிக்கு ஒரு காலில் அட்டை முட்டுக் கொடுத்திருந்தது. உலகத்துக் கோர்ட்டெல்லாம் ஏறி இறங்கிய மனிதர் இந்த வாசலில் நின்று, ஓகோ, இதற்காகத்தானா என்று ஒரு புருவத்தைத் தூக்குவதை அவனால் துல்லியமாகப் பார்க்க முடிந்தது. கோப்பையை ஒளித்தான். தரையைக் கூட்டினான். மேலங்கியை மடித்து இழுப்பறைக்குள் திணித்தான். எல்லாம் முடிந்த பிறகு கண் போய் நின்றது அந்தக் கல் பெண்ணிடம்.

கழுத்தின் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை விலக்கினான். அறுத்த பரப்பில் பல வருஷத் தூசி மந்தமாகப் படிந்திருந்தது. அதற்கு அடியில், மெஷினின் வட்ட ரம்பப் பல் சுழன்று போன கோடுகள் பிறை பிறையாக இருப்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கோடுகள் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தால், உள்ளே நுழைகிற எவனுக்கும் பேச்சு நின்றுபோகும். எவ்வளவு பட்டாக இருந்தாலும் நிற்கும்.

மெல்லிய தூரிகையை எடுத்தான். தூசியைத் தட்டினான். குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, லேசாக நனைத்து, உருட்டி உருட்டி எடுத்தான். அவன் கைக்கு அந்த வேலை மூச்சு விடுகிற மாதிரி. பிறைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. விருந்தாளி வருகிறார் என்றால் முன்னறையை மட்டும் பெருக்கிவிட்டு, சாமான்களைப் படுக்கையறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துகிற வீடுகள் இல்லையா, அப்படித்தான் அவனும் வாசலைப் பார்த்த பாதியைத் துடைத்தான். சுவரைப் பார்த்த பாதியை எவர் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? கீழே கார் ஹாரன் கேட்டது; மனைவி வந்துவிட்டாள். உறையைப் போர்த்திவிட்டு இறங்கினான். வழியெல்லாம் அவன் உற்சாகமாக இருந்ததைப் பார்த்து, என்ன விசேஷம் என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

மறுநாள் காலையில் பட்டுக்குரல் வந்தார். மனசுக்குள் எத்தனை தடவை அவன் இவன் என்று சொல்லிப் பார்த்திருந்தாலும், நேரில் பார்த்ததும் அவனுக்கு அவர் என்றுதான் வந்தது. உயரமாக இருந்தார். சட்டையில் ஒரு மடிப்பு இல்லை. வாசலில் நின்றபடி அவளைப் பார்த்து, "எதிர்க்கட்சி, நீ மாறவே இல்லை," என்றார்.

அந்தக் குரல் உண்மையிலேயே பட்டுதான். ஆனால் அவனைக் குத்தியது குரல் அல்ல. இத்தனை வருஷம் தன்னோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு, தனக்குத் தெரியாமல் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

"நீங்க மாறிட்டீங்க. தலைமுடி எல்லாம் எங்கே?" என்றாள் அவள். அவருக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது. அதைப் பார்த்து அவன் அடைந்த திருப்தி, அவள் அதை இவ்வளவு உரிமையோடு கேலி செய்த நொடியில் காணாமல் போனது.

அவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, அவனைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். யார் சொல்லி என்று அவன் கேட்கவில்லை. சிலையின் முன்னால் நின்று, பிறைக் கோடுகளைப் பார்த்து, பிரமாதம் என்றார். அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து அவர், சட்டை மடிப்பு கலையாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சுவருக்கும் சிலைக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் போய்க் குனிந்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு போனை எடுத்து அங்கிருந்து ஒரு படம், முன்னால் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். அவனைப் பார்த்து மெதுவாக ஒரு புன்னகை. எல்லோரும் வெளியே போனார்கள்.

அவனும் போய் அந்தச் சந்தில் நின்று பார்த்தான். கழுத்தின் பரப்பு நடுவில் வகிடு எடுத்த மாதிரி இருந்தது. ஒரு பாதி பளபளவென்று, மறுபாதி மங்கலாக. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று குருடனுக்கும் தெரியும்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாசி இல்லை என்பதுதான் வழக்கு. பாசி இல்லாமல் இருந்த அதே இடத்தைத் தன் கையாலேயே துடைத்திருக்கிறான். பாசியைத் துடைத்துவிட்டுப் பாசி இல்லை என்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவன் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த வாக்குமூலத்தில், வந்த நாளிலிருந்து அந்தப் பரப்பை எவரும் சுத்தம் செய்யவில்லை என்று இருந்தது. எழுதிக் கொடுத்த அன்றைக்கு அது சத்தியம். இன்றைக்கு இல்லை. மூன்று நாட்டுச் சுங்கத் துறைகளுக்கு அவள் எழுதிய கடிதங்கள், தூதரகப் படிக்கட்டுகளில் அவள் தேய்த்த செருப்பு, எல்லாம் அவன் விரல் நுனியில் சுற்றிய ஒரு பஞ்சில் போய்விட்டது.

அவளிடம் சொல்லிவிடுவது என்று வராந்தாவுக்கு ஓடினான். அவள் பட்டுக்குரலோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதையோ தாழ்ந்த குரலில் சொல்ல, அந்தச் சிரிப்பு மறுபடியும் வந்தது. அந்த இருபது வயதுச் சிரிப்பு. அவருக்கு முன்னால் போய், நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நின்றான். அவள் பார்த்துவிட்டு, என்ன என்று கண்ணால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்தான். மணியடித்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அருங்காட்சியக நூலகத்தில்தான் விசாரணை. வெளிநாட்டு நீதிமன்றத்துக்காகச் சாட்சியத்தைப் பதிவு செய்ய, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் ஆணையராக உட்கார்ந்திருந்தார். தொண்டை கமறலுக்கு ஒரு மிட்டாயை வாயில் ஒதுக்கியிருந்தார். பக்கத்தில் தட்டச்சு செய்கிற பெண். அவன் சத்தியம் செய்தான். மனைவி எழுந்து, பெயர், படிப்பு, அனுபவம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, பழகிய பாதையில் நடக்கிற நிதானத்தோடு அந்தக் கேள்விக்கு வந்தாள்.

"சிலையோட உடம்பு இங்க வந்த நாள்லேர்ந்து, கழுத்தோட வெட்டுப் பரப்பை யாராவது சுத்தம் பண்ணியிருக்காங்களா?"

இல்லை என்று ஒரே வார்த்தை. சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை சொன்ன வார்த்தை. எதிரில் பட்டுக்குரல் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். போன் அவர் கைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அந்த இல்லைக்காகத்தான் அவர் காத்திருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. ஆனால் ஆமாம் என்றால், அந்த மனிதர் முன்னால், அவள் முன்னால், தானே தன்னைக் கோமாளியாக்கிக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் பொய். அவள் முகத்தைப் பார்த்தான். புருவம் லேசாக உயர்ந்திருந்தது, சீக்கிரம் சொல்லுங்கள் என்கிற மாதிரி.

"ஆமா," என்றான். "நேத்து சாயங்காலம். நான்தான்."

அவள் கையில் இருந்த தாள் அசையவில்லை. காதுத் தோடு மட்டும் ஆடியது. வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பட்டுக்குரல் எழுந்தார். விரித்த வலை வீணாகிவிட்டது. அதை அவர் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வழக்கின் முக்கியமான தடயத்தை விசாரணைக்கு முதல் நாள் துடைத்தது உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றான். துடைக்கக் கூடாது என்று தெரியுமா? தெரியும், வக்கீலம்மா சொன்னாங்க. ஆக, அங்கே பாசி இருந்ததா இல்லையா என்று இனி எவராலும் சொல்ல முடியாது, சரியா?

"துடைச்ச இடத்துல சொல்ல முடியாது," என்றான்.

அதோடு நிறுத்திவிட்டு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவருக்கும் அந்த வகிடு புதிராகத்தான் இருந்திருக்கிறது. தவிர, சாட்சியாக இருப்பது எதிர்க்கட்சியின் புருஷன். இத்தனை வருஷமாக அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட ஆளை அவள் கட்டிக்கொண்டாள் என்று பார்க்கிற ஆசை அந்தப் பட்டுக்குள்ளும் ஒரு முடிச்சாக இருந்திருக்க வேண்டும். மேசையைச் சுற்றிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"இவ்வளவு அனுபவம் இருக்கிற நீங்க, தெரிஞ்சும் அதை ஏன் துடைச்சீங்க?"

அவன் மனைவியின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"நீங்க வர்றீங்கன்னுதான்," என்றான்.

"புரியலை."

"நீங்க என் மனைவியைக் கட்டிக்க இருந்தவர். இத்தனை வருஷம் கழிச்சு என் அறைக்கு வர்றீங்க. அழுக்கா இருந்தா என்னை என்ன நினைப்பீங்கன்னு இருந்துச்சு. அதனால நீங்க உள்ள வந்ததும் கண்ணுல படுற பக்கத்தை, வாசல் பக்கத்தை மட்டும் துடைச்சேன். சுவத்துப் பக்கத்தை நீங்க பாக்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன். பொறாமைதான். வேற காரணம் இல்லை."

தட்டச்சு நின்றது. நீதிபதி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, இதையும் பதிவு செய்ய வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டார். பட்டுக்குரல் வாயைத் திறந்தார். முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"பண்ணணும் ஐயா," என்றாள் அவன் மனைவி. "கேட்டது அவர்."

அவள் மறுபடி எழுந்து ஒரே கேள்விதான் கேட்டாள். சுவர்ப் பக்கத்துப் பாதியை எப்போதாவது தொட்டதுண்டா? இல்லை என்றான். இரண்டு தரப்பும் நீதிபதியும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தொடாத பாதியிலிருந்து மாதிரி எடுக்க அனுமதி வேண்டும் என்று கேட்டாள். மறுக்க எதிர்த்தரப்பிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை; அந்தப் பாதி தொடப்படவில்லை என்பதை அவர்களுடைய கேள்விக்குப் பதிலாகத்தானே அவன் சொல்லியிருந்தான். அன்றே மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

காரில் வீடு திரும்பினார்கள். சிக்னலில் நின்றபோது மன்னிப்புக் கேட்டான். அவள் சாலையைப் பார்த்தே ஓட்டினாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் வெடித்தாள். தொடாதே என்று சொன்னதைத் தொட்டதற்குக் கூட அவள் அவ்வளவு கோபப்படவில்லை. உலகத்து வக்கீல்களும் நீதிபதிகளும் உட்கார்ந்து படிக்கப்போகிற ஆவணத்தில் தன் குடும்பத்தைக் கொண்டுபோய் விரித்து வைத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"லீவு நாள்ல கூட ஓடிப்போய் அவ தோள்ல தூசி தட்டுறீங்க. தலையில்லாத ஒருத்திக்கு நீங்க பாக்குற பணிவிடையில பாதி எனக்கு வேணும்னு நான் எந்தக் கோர்ட்லயாவது சொல்லியிருக்கேனா?"

அடுத்து வந்த வாரங்களில் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. உப்பு மறந்தபோதும் அவள் பேசாமல் சாப்பிட்டாள். அந்த மன்னிக்கிற சிரிப்பு வரவில்லை. இரவில் அவன் விழித்துக்கொண்டு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டான். அவர்தான் இவளை வேண்டாம் என்றிருந்தால், தான் மிச்சத்துக்குக் கிடைத்தவன். வழக்கும் தோற்றுவிட்டால் அவளுக்குத் தன்னால் மிஞ்சியது என்ன? தங்கைக்காரி விஷயம் கேள்விப்பட்டு வந்து, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல், தலைவலி மாத்திரை ஒரு அட்டை கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆய்வக முடிவு ஒரு மழை நாளில் வந்தது. சுவர்ப் பக்கத்துப் பாதியில் பாசியின் சுவடே இல்லை. தூசிக்கு அடியில், கல்லின் குழிகளில், இந்தக் காலத்து அறுப்பு மெஷினின் வட்டப் பல்லிலிருந்து உதிர்ந்த துகள்கள் இருந்தன. அந்த வகைப் பல், தாத்தா உயிரோடு இருந்தபோது எங்கேயும் செய்யப்படவில்லை. இரண்டு வாரத்துக்குள் அறக்கட்டளை சமரசத்துக்கு வந்தது. தீர்ப்பு என்று ஒன்று வந்து பெயர் கெடுவதைவிட, தாங்களாகவே திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். தலை பெட்டியில் ஏறி வீட்டுக்குக் கிளம்பும் தேதியும் முடிவானது.

அந்தச் சேதியை அவள் அவனிடம் போனில் சொன்னாள். அலுவலகக் குரலில் சொன்னாள். நல்லது என்று அவனும் அலுவலகக் குரலில் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் ஒரு கட்டுத் தாளை வைத்தாள். அவனுடைய சாட்சியம். வழக்கு முடிந்தாலும் ஃபைலை மூட இது வேண்டும். ஒவ்வொரு பக்கமும் படித்து, பிழை இருந்தால் ஓரத்தில் திருத்தி, கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். எதிரில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

அவன் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். அந்தப் பக்கம் வந்ததும் கை தயங்கியது. அச்சில் பார்த்தபோது அது இன்னும் அசிங்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடப் போனவனை அவள் நிறுத்தினாள்.

"அந்தப் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு."

அவன் படித்துப் பார்த்தான். சொன்னது சொன்னபடிதான் இருந்தது. எங்கே என்று கேட்டான். அவள் விரலை வைத்தாள். 'என் மனைவியைக் கட்டிக்க இருந்தவர்.'

"உன் தங்கச்சிதானே சொன்னா."

"கேள்விப்பட்டதெல்லாம் சாட்சியம் ஆகாது. நேரடியாத் தெரிஞ்சதை மட்டும்தான் சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"அப்ப என்னன்னு எழுதணும்?"

"கட்டிக்கிறேன்னு கேட்டவர்னு எழுதுங்க," என்றாள். "கேட்டார். நான் வேண்டாம்னேன்."

பேனா அவன் கையில் அப்படியே நின்றது. வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். இத்தனை வாரமாக மடியில் கட்டிக்கொண்டு திரிந்த கல் ஒன்று, யாரும் கேட்காமலே கீழே இறங்கிவிட்டது. அவன் இரண்டு வார்த்தையை அடித்து, ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதினான். திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கமாக ஒரு கையெழுத்துப் போட்டான். அவளும் போட்டாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏன் வேண்டாம்னே?"

அவள் தாள்களை அடுக்கி மேசையில் தட்டி ஒழுங்கு செய்தாள். உதடு ஓரத்தில், உப்பை மறந்த நாட்களின் அந்தச் சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது.

"பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேனா இல்லையா? பட்டுக்குரலுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். சற்று நேரத்தில் குளியலறையிலிருந்து பாட்டு கேட்டது. அன்றைக்குப் பாடிய அதே பாட்டு. இது யாருக்காக என்று கதவைத் தட்டிக் கேட்க அவனுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மாடியில் காயும் துணியை எடுக்கப் போகிறவன் போல, குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றுகொண்டான்.